நீ அனுப்பிய செம்மண்

மகனே, ராசா,

நீ அனுப்பிய செம்மண் வந்து சேர்ந்தது. ஒரு லாரி நிறைய. நல்ல மண்தான், குறை சொல்ல மாட்டேன். கல் இல்லை, வேர் இல்லை, கையில் எடுத்தால் சலித்த மாவு மாதிரி உதிர்கிறது. அதை என்ன செய்தேன் என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை நீ படிக்க மாட்டாய். உன்னை மலையாளப் பள்ளிக்கூடத்தில் போட்டது உங்கப்பா. அதனால் தமிழ் உனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். எனக்கும் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆக, எழுதுகிறவளும் படிக்கிறவனும் ஒரே வேகத்தில் போகலாம். பஹ்ரைனில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்று சொல்வாயே, அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு, கால் நீட்டி உட்கார்ந்து படி.

பெண் வீட்டார் நாகர்கோவிலிலிருந்து வீடு பார்க்க வருவதற்கு முன்னால் குளத்தைத் தூர்த்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தாய். சைவச் சாப்பாட்டுக்காரர்கள் வீட்டு வாசலில் மீன் குளம் கிடந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள், சேற்று வாடை வேறு, கொசு வேறு, மூடினால் அந்த இடத்தில் மாடி வீடு கட்டலாம் என்றெல்லாம் எழுதியிருந்தாய். எழுதினது பரவாயில்லை. ஏலூரில் கம்பெனி வேலையில் இருக்கிற உன் அக்கா புருஷனுக்குத் தனியாக எழுதி, லாரிக்கு ஏற்பாடு செய்தாயே, அதைத்தான் நான் மறக்க மாட்டேன். என் ஞாபகம் உனக்குத் தெரியும். என் கல்யாணப் பந்தியில் எனக்குப் பாயசம் விடாமல் தாண்டிப் போனவன் பெயரும் ஊரும் இன்றைக்கும் சொல்வேன். அந்த வரிசையில் இப்போது உன் பெயரும் மாப்பிள்ளை பெயரும் சேர்ந்திருக்கின்றன. உன் கல்யாணச் சந்தோஷத்தில் அதைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

மீன் சாப்பிடாத நமக்கு மீன் குளம் எப்படி வந்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. உன் தாத்தா திருநெல்வேலியிலிருந்து மட்டாஞ்சேரிக்குச் சுக்கு வியாபாரத்துக்கு வந்தார். வீடு வாங்கினார். வீட்டோடு குளமும் வந்தது, கிணற்றோடு தவளை வருகிற மாதிரி. யார் வெட்டின குளம் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. டச்சுக்காரன் காலத்தில் கப்பலுக்கு உயிர்மீன் கொடுப்பதற்காக வெட்டினது என்பார்கள் சிலர். கொங்கணி வியாபாரி ஒருவர் வெட்டினார் என்பார்கள் சிலர். நம்மிடம் குத்தகைக்கு எடுக்கிற ஔசேப்பு, கள்ளு உள்ளே போன நாட்களில், தன்னுடைய பாட்டனுக்குப் பாட்டன் வெட்டினது என்பான். எப்படியோ, கரையின் வெட்டுக்கல் அத்தனை பழசு. ஒரு கல்லிலும் கூர் கிடையாது, எல்லாம் முழங்கால் மாதிரி உருண்டு போயிருக்கின்றன.

ஒரு பக்கம் குளம், மறு பக்கம் காயலுக்குப் போகிற வாய்க்கால், நடுவில் வரப்பு. அந்த வரப்பில் நடந்துதான் நம் வீட்டுக்கு வர வேண்டும். வரப்பின் நடுவில் தூம்பு. கருங்கல்லில் காடி வெட்டி, அதில் பலகைகளை இறக்கியிருக்கிறதைச் சின்ன வயதில் தினமும் தாண்டிப் போயிருக்கிறாய், நின்று பார்த்தாயா என்று தெரியாது. கடல் ஏறுகிற நேரம் பலகையைத் தூக்கினால் காயல் தண்ணீர் உள்ளே வரும், அதோடு மீன் குஞ்சும் இறால் குஞ்சும் வரும். கடல் இறங்குகிற நேரம் பலகையைப் போட்டுவிட்டால் குஞ்சுகள் இங்கேயே வளரும். கார்த்திகையிலிருந்து சித்திரை விஷு வரைக்கும் ஔசேப்பின் குத்தகை. விஷு கழிந்த முதல் சனிக்கிழமை குத்தகைக்காரனும் கிடையாது, சொந்தக்காரனும் கிடையாது. அன்றைக்குக் கெட்டு கலக்கல், அதாவது மீன் குளம் கலக்குதல். ஊரில் யார் வேண்டுமானாலும் குளத்தில் இறங்கிச் சேற்றைக் கலக்கலாம், மயங்கி மேலே வருகிற மீனைக் கையாலோ கூடையாலோ துண்டாலோ பிடிக்கலாம், வீட்டுக்குக் கொண்டு போகலாம். ஒரே ஒரு நிபந்தனை. குளத்தில் கால் வைத்தவர் கரையேறும்போது ஒரு கூடை மண் வரப்பில் போட வேண்டும். மழைக்காலத்தில் கரைகிற வரப்பு அப்படித்தான் வருஷா வருஷம் நிமிர்ந்து நிற்கிறது. இதில் நம்மைக் கேட்க ஒன்றும் இல்லை. அந்த நாள் ஊருடையது. உன் தாத்தா வீடு வாங்கும்போதே இதைச் சொல்லித்தான் விற்றார்களாம்.

ஔசேப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என்னைவிட மூத்தவன், ஆனாலும் என்னைச் சேச்சி என்பான். அதையே நான் பொறுத்துக்கொண்டேன். "சேச்சிக்குக் கரிமீனும் கத்திரிக்காயும் ஒண்ணாணு" என்று தோப்பும்படி மீன் சந்தையில் பத்துப் பேர் முன்னால் சொன்னானே, அதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவனுக்கு என் மேல் இருக்கிற கோபம் வேறு. குளத்துக்கு வருகிற கொக்கை நான் விரட்டுவதில்லை. நடுக்குளத்துத் தென்னங்கட்டைக் குற்றியில் உட்கார்ந்து சிறகு காயப்போடுகிற நீர்க்காகத்தை விரட்டுவதில்லை. கண்டல் மரத்து வேருக்குள்ளிருந்து குட்டிகளோடு வருகிற நீர்நாயை, அது பட்டப்பகலில் பெரிய கரிமீனைப் பிடித்து, படித்துறையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து முறுக்குத் தின்கிற மாதிரி தின்றாலும், வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேனே தவிர விரட்ட மாட்டேன். "கள்ளன்மாருக்குச் சோறு போடுந்த வீடு" என்று கத்துவான். "உனக்கும் அதே வீடுதான் போடுகிறது" என்பேன். வருஷா வருஷம் இதே சண்டை.

இப்போது கொசுவுக்கு வருகிறேன். குளத்தை மூடினால் கொசு போகும் என்று எழுதினாய். நம் வீட்டுக்குக் கொசு எப்போது வந்தது, யார் அழைத்து வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். நீ அப்போது பாலிடெக்னிக் ஹாஸ்டலில் இருந்தாய். உன் பெரியத்தை, அதாவது உங்கப்பாவின் மூத்த அக்கா, மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு திருநெல்வேலியிலிருந்து வந்து நம் வீட்டில் ஒரு வருஷம் இருந்தாளே, அந்த வருஷம். அவள் வந்து இறங்கியது சரியாகக் கெட்டு கலக்கல் அன்று. தம்பி வீட்டு வாசலில் அத்தனை மீன் துடிப்பதைப் பார்த்துவிட்டு மூன்று வேளை சாப்பிடவில்லை. நாலாவது வேளை சாப்பிட உட்கார்ந்து, "தம்பி, இனி இந்தக் குளத்துல ஒரு உசுரு போகப்பிடாது" என்றாள். உங்கப்பா அக்கா சொல்லைத் தட்டாதவர். ஔசேப்பின் குத்தகையை நிறுத்தினார். கொத்தனாரைக் கூப்பிட்டுத் தூம்புக்கு முன்னால் செங்கல் வைத்து, சிமெண்ட் பூசி, இனிமேல் யாரும் பலகையைத் தூக்க முடியாதபடி அடைத்துவிட்டார். உள்ளே இருக்கிற மீன் உள்ளேயே பத்திரமாக இருக்கட்டுமாம். கருணை, ராசா. சிமெண்டில் குழைத்த கருணை.

உன் பெரியத்தை தினமும் காலையில் குளித்துவிட்டு, பட்டை பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு, மடியில் பொரியோடு படித்துறைக்குப் போவாள். மீன்களும் அவள் காலடிச் சத்தம் கேட்டுக் கூட்டமாக வந்தன, அதையும் மறைக்க மாட்டேன். ஆனி, ஆடி மழையில் குளம் நிரம்பித் ததும்பியது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆவணியில் ஆப்பிரிக்கப் பாயல் என்கிற மிதக்கும் களை ஒரு ஓரத்தில் முளைத்தது. புரட்டாசியில் குளம் முழுக்கப் பச்சைக் கம்பளம், தண்ணீரே தெரியவில்லை. பொரி பாயல் மேலேயே கிடந்து ஊறியது. ஒருநாள் காலையில் பாயலை விலக்கிப் பார்த்தால் மீன்கள் வாயை மேலே வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறவர்கள் மாதிரி மூச்சு வாங்கின. அடுத்த நாள் வயிறு மேலே. எந்த உயிரும் போகக்கூடாது என்று கட்டின குளத்தில் எத்தனை உயிர் போயிற்று என்று எண்ணக் கூட முடியவில்லை. அந்த நாற்றத்தோடு கொசு வந்தது. கொக்கு போயிற்று, மீன்கொத்தி போயிற்று, நீர்க்காகத்தின் குற்றி காலியாக நின்றது. வீட்டில் விசிறி மட்டும் பறவை மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. ஐப்பசியில் உங்கப்பாவுக்குக் குளிர் காய்ச்சல் வந்து, கால் நெறி கட்டி வீங்கியது. டாக்டர், "வீட்டுப் பக்கத்தில் தேங்கின தண்ணீர் உண்டா?" என்று கேட்டார். "தேங்கின தண்ணீரா? செலவு பண்ணித் தேக்கியே வைத்திருக்கிறோம்" என்றேன். உங்கப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

தூம்பை உடைக்கப் போகிறேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். உன் பெரியத்தை மறுநாள் விடியக் குளித்து, சாமி மணையை எடுத்துப் போய்த் தூம்புச் சுவர் மேல் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். கையில் உருத்திராட்ச மாலை. நான் கடப்பாரையோடு போய் நின்றேன்.

"மதினி, எந்திரிங்க. மத்தியானம் கடல் ஏத்தம். அதுக்குள்ள உடைக்கணும்."

"என்னை இடிச்சுட்டு அப்புறமா சுவரை இடி."

"உங்க தம்பி காலைப் பாத்தீங்களா?"

"அவனுக்குச் சின்ன வயசுலயே வாத உடம்பு."

ஔசேப்பு வாய்க்காலில் வஞ்சியை நிறுத்திக்கொண்டு, பீடியைப் பற்றவைத்து, திருவிழா பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். "சேச்சி, பெரிய சேச்சியையும் கூட்டிப் பூசியா மதி. தூம்பு நூறு கொல்லம் நிக்கும்." அவளையும் சேர்த்துப் பூசிவிட்டால் தூம்பு நூறு வருஷம் நிற்குமாம்; அன்றைக்கு அதற்கு நான் சிரித்துவிட்டேன். அது அவனுக்கு நான் கொடுத்த ஒரே சலுகை.

உன் பெரியத்தையைத் தூக்கிவிட முடியாது; அவள் உடம்பு உனக்குத் தெரியும். ஆனால் அவளிடம் ஒரு பலவீனம் எனக்குத் தெரியும். வீட்டுக்குள் போய்க் குமுட்டி அடுப்பை எடுத்து வந்து, காற்று அவள் பக்கம் வீசுகிற இடமாகப் பார்த்து வரப்பில் வைத்தேன். வாணலியைப் போட்டேன். பச்சைக் காப்பிக்கொட்டையைக் கொட்டி வறுக்க ஆரம்பித்தேன். முதலில் மாலை வேகமாக உருண்டது. கொட்டை பொன்னிறமானபோது மாலை மெதுவாயிற்று. கறுத்து எண்ணெய் விட்டபோது நின்றே போயிற்று. வறுத்ததை எடுத்துக்கொண்டு உள்ளே போய், அரைத்து, வடித்து, பாலைக் காய்ச்சிவிட்டு வாசலில் நின்று சொன்னேன்: "மதினி, உங்க பித்தளை டம்ளர்ல ஊத்தி வச்சிருக்கேன். ஆறிட்டா திரும்பச் சூடு பண்ண மாட்டேன்." ஆறின காப்பி அவளுக்கு விஷம். எழுந்தாள். "இதோ வாறேன். மணை இங்கேயே இருக்கட்டு. மணை மேல கை வைக்காத." மணை மேல் கை வைத்தேன். மரியாதையாக எடுத்து ஒரு ஓரமாக வைத்துவிட்டு, கடப்பாரையை ஓங்கினேன். மணையைத் தொட்டதற்கு அவள் இன்றைக்கும் கோபமாக இருக்கிறாள். சுவரை உடைத்ததற்கு இல்லை, மணையைத் தொட்டதற்கு.

அந்தத் தண்ணீர் வந்த வரத்தை நீ பார்த்திருக்க வேண்டும். முதலில் ஒரு விரல் மொத்தத்துக்கு ஓட்டை வழியாகப் பீச்சியது. பிறகு செங்கல் ஒவ்வொன்றாகத் தானே பெயர்ந்து விழுந்தது. காயல் உள்ளே வந்தது, வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வந்த பிள்ளை கதவைத் தட்டாமல் நுழைகிற மாதிரி. பாயல் கம்பளம் ஓரமாக மடங்கியது. நான் இடுப்பு வரை நனைந்து நின்றேன். ஔசேப்பு பீடியை எறிந்துவிட்டு வஞ்சியிலிருந்து குதித்து வந்து, மிச்சச் செங்கலைக் காலால் தள்ளினான். உன் பெரியத்தை டம்ளரும் கையுமாக ஓடி வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். தண்ணீரோடு வந்த மீன் குஞ்சுகளைக் குனிந்து பார்த்தாள். கண்ணாடி நூலை நறுக்கிப் போட்ட மாதிரி ஆயிரக்கணக்கில் வந்துகொண்டிருந்தன. ஒரு வாய் குடித்தாள். "இத்தனைக்கும் பொரி வாங்கணுமே" என்றாள்.

மார்கழியில் உப்புத் தண்ணீர் ஏறினதும் பாயல் கருகிப் போயிற்று. கொசு குறைந்தது. உங்கப்பா ஊன்றுகோலோடு வரப்பில் நடந்தார். யார் யார் எந்த வரிசையில் திரும்பி வந்தார்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. முதலில் நீலமாக மின்னுகிற சின்ன மீன்கொத்தி, தூம்புக் கல்லின் மேலேயே வந்து உட்கார்ந்தது. பிறகு கொக்கு. நீர்க்காகம் தன் பழைய குற்றிக்கே வந்தது, வாடகை பாக்கி இல்லாத குடித்தனக்காரன் மாதிரி. அடுத்த கார்த்திகையில், நீண்ட மூக்கோடு சேற்றைக் குத்திக்கொண்டே ஓடுகிற உள்ளான்கள் கூட்டமாக இறங்கின. கடைசியாக வந்தது நீர்நாய். நீ பஹ்ரைனுக்குப் போன வருஷம்தான் அது குட்டியோடு வந்தது. உள்ளான்கள் எங்கிருந்து வருகின்றன என்று எனக்குத் தெரியாது. நீ இருக்கிற திசையிலிருந்துதான் வருகின்றன. உன் கடிதத்தைவிடத் தவறாமல் வருகின்றன. அடைத்த வருஷம் ஒரு திருட்டும் நடக்கவில்லை, ஒரு மீனும் மிஞ்சவில்லை. திருடர்கள் எல்லோரும் திரும்பி வந்த பிறகு ஔசேப்புக்கு வலை கிழிகிற அளவுக்கு மீன். இதை அவனிடம் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டான். நீயாவது ஒப்புக்கொள்.

இதையெல்லாம் சொல்லக் காரணம் இருக்கிறது. அத்தை ஊருக்குத் திரும்பிப் போய், "மட்டாஞ்சேரிக்குப் போனவ மீன்காரி ஆயிட்டா" என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொன்னாள். அந்த வார்த்தை ஒவ்வொரு கல்யாணத்திலும் என்னைச் சுற்றி வந்தது. உன் காதிலும் விழுந்திருக்கிறது. அதனால்தான் பெண் வீட்டார் வருகிறார்கள் என்றதும் நீ முதலில் குளத்தைப் பற்றி எழுதினாய். வெட்கம் உன்னுடையது இல்லை ராசா, யாரோ உன் தோளில் போட்ட துண்டு அது. எடுத்துப் போட்டுவிடு. நாளைக்கு உனக்கென்று ஒரு வீடு, ஒரு பெண்டாட்டி. அவள் பக்கத்து ஆட்கள் வருவார்கள், நம் பக்கத்து ஆட்கள் வருவார்கள், கொக்கு மாதிரி சிலர், நீர்நாய் மாதிரி சிலர். கொஞ்சம் தின்றுவிட்டுப் போகட்டும். பலகை போட வேண்டிய நேரத்தில் போடு, தூக்க வேண்டிய நேரத்தில் தூக்கு. யாருடைய அக்கா சொன்னாலும் சிமெண்ட் மட்டும் பூசாதே.

சரி, லாரி விஷயம். மாப்பிள்ளை லாரியை அனுப்பினது விஷு கழிந்த சனிக்கிழமை. குத்தகை முடிந்ததும் மண்ணைக் கொட்டிவிடலாம் என்று அவர் கணக்கு. கெட்டு கலக்கலை அவர் மறந்துவிட்டார். ஏலூர்க்காரருக்கு எங்கே ஞாபகம் இருக்கும். பெண் வீட்டார் மறுநாள் வருவதாகச் சொல்லியிருந்தவர்கள், சனிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறதென்று அன்றைக்கே கிளம்பி வந்துவிட்டார்கள். நினைத்துப் பார். குளத்தில் ஊரே இறங்கி நிற்கிறது. மிளகு மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், தோப்பும்படி மீன்காரிகள், பள்ளிக்கூடத்து வாத்தியார், எல்லோரும் தலையிலிருந்து கால்வரை ஒரே சேற்று நிறம். மேலே பருந்து வட்டம் போடுகிறது. கரையில் கொக்குகள் பந்தியில் இலைக்குக் காத்திருக்கிற மாதிரி நிற்கின்றன. சந்து முனையில் லாரி நிற்கிறது, ஒரு அடி நகர முடியவில்லை. லாரிக்குப் பின்னால் ஆட்டோ. ஆட்டோவிலிருந்து உன் மாமனார் வெள்ளை வேட்டியும் பழக்கூடையுமாக இறங்குகிறார். உன் மாமியார் அரக்குக் கரைப் பட்டுப் புடவையில் இறங்குகிறாள். வேறு வழியில்லை. வரப்பில் நடந்துதான் வர வேண்டும்.

உங்கப்பா பாதி வழிக்குப் போய் நின்றார். உன் மாமனார் குளத்தைப் பார்த்தார், உங்கப்பாவைப் பார்த்தார். "என்னவாக்கும் இது, பந்தயமா?"

"ஆமா... பந்தயம்னா... வருஷத்துக்கு ஒரு தடவை..." என்று உங்கப்பா இழுத்தார்.

நான் முன்னால் போனேன். உன் கல்யாணம் அந்த வரப்பின் மேல் நின்றது. ஆனாலும் பொய் சொல்லி ஒரு பெண்ணை வீட்டுக்குக் கூட்டி வர எனக்கு மனசில்லை. "இது மீன் குளம். நாங்க மீன் சாப்பிட மாட்டோம். ஊர் சாப்பிடும். இன்னைக்கு ஊரோட நாள். நாளைக்கு வந்திருந்தா வெறும் சேறுதான் பாத்திருப்பீங்க" என்றேன். உன் மாமனார் பழக்கூடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். உன் மாமியார் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன்.

அப்போதுதான் மடவை மீன் ஒன்று துள்ளியது. மடவை துள்ளினால் ஆள் உயரம் துள்ளும். நேராக உன் மாமியார் மடியில் வந்து விழுந்தது. அவள் பின்னால் ஒரு எட்டு வைத்தாள், வரப்பு சரிந்தது, பட்டுப் புடவையோடு முழங்கால் அளவு சேற்றில் நின்றாள். மீன்காரிகள் இரண்டு பேர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். ஔசேப்பு அந்தப் பக்கத்திலிருந்து, "சேச்சி, சம்பந்தியைக் கெட்டில இட்டுப் பிடிச்சோ?" என்றான். அவனை அந்த இடத்திலேயே கொன்றிருப்பேன். ஆனால் உன் மாமியார் காதில் அது விழவே இல்லை. புடவை மடிப்பில் துடிக்கிற மீனை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, "மைனி, இது மூச்சு வாங்குதே. எங்க கொண்டு விட?" என்றாள்.

மைனி என்றாள், ராசா, அவர்கள் ஊர்ப் பேச்சில் மதினி. கல்யாணம் பேசி முடிக்கும் முன்னாலேயே மைனி என்றாள்.

வாய்க்கால் பக்கம் காட்டினேன். சேற்றில் கால் பொத்துப் பொத்தென்று புதைய நடந்து, வரப்பேறி, அந்தப் பக்கம் குனிந்து விட்டாள். மீன் ஒரு தரம் திரும்பிப் பளீரென்று அடித்துக்கொண்டு போயிற்று. நிமிர்ந்தவள் முகத்தைப் பார்த்தேன். பத்து வயசுப் பிள்ளை முகம். "இன்னும் இருக்கா?" என்றாள். பிறகு அவளை யாரும் கரையேற்ற முடியவில்லை. மீன்காரிகள் கலக்கிக் கொடுக்க, அவள் பிடிப்பதும், வாய்க்காலில் கொண்டு போய் விடுவதும், திரும்பி இறங்குவதுமாகக் காலை முழுக்க அதே வேலை. ஔசேப்பு தலையில் கை வைத்துக்கொண்டான். "ஒரு பெரிய சேச்சி போயி, அடுத்தது வந்நு." அவன் அப்படிச் சொன்னாலும், அவள் விட்டதெல்லாம் வாய்க்காலில்தானே இருக்கிறது, பலகையைத் தூக்கினால் குஞ்சும் குட்டியுமாக இங்கேதான் வரும். உன் மாமனார் வேட்டியை மடித்துக் கட்டி, பழக்கூடையைத் தூம்புக் கல்லில் வைத்துவிட்டு, "அந்தக் கறுப்புப் பட்சி ஏன் கையை விரிச்சுட்டு நிக்குது?" என்று உங்கப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "துணி காயப்போடுது" என்றார் உங்கப்பா. இரண்டு பேரும் அதற்கு அரை மணி நேரம் சிரித்தார்கள். ஆண்பிள்ளைகளுக்குச் சிரிக்க அவ்வளவு போதும்.

லாரி டிரைவரை மறந்துவிட்டேனே. கொஞ்ச நேரம் ஹாரன் அடித்துப் பார்த்தான். பிறகு கிளீனரைக் காவலுக்கு வைத்துவிட்டுக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். பிறகு கிளீனரும் இறங்கினான். இரண்டு கரிமீன், ஒரு வாளி இறால். கரையேறப் போனவனை மீன்காரிகள் மறித்தார்கள். "மண்ணு எவிடெ? மீனெடுத்தா மண்ணிடணும்." டிரைவர் லாரியைத் திரும்பிப் பார்த்தான். "மண்ணல்லே? ஒரு லாரி நிறைய உண்டல்லோ" என்றான்.

இப்போது புரிகிறதா உன் செம்மண் எங்கே போயிற்றென்று? சந்து முனையிலேயே தட்டிவிட்டான். அன்றைக்குக் குளத்தில் கால் வைத்த ஒவ்வொருவரும் அந்தச் செம்மண்ணில் ஒரு கூடை எடுத்து வரப்பில் கொட்டி, மிதித்துவிட்டுப் போனார்கள். போதாததற்கு இரண்டாவது கூடை, மூன்றாவது கூடை என்று போட்டி வேறு. உன் மாமியார் சரிந்த இடத்தை அவளே தூர்த்தாள். சாயங்காலத்துக்குள் குவியல் கரைந்தது. உன் தாத்தா காலத்திலிருந்து மழைக்கு மழை சரிந்துகொண்டிருந்த வரப்பு இப்போது முழங்கால் உயரம் கூடி, சிவப்பாக, புதுப்பெண் நெற்றி மாதிரி இருக்கிறது.

அவளைக் குளிக்க வைத்து என் சுங்குடிப் புடவையைக் கொடுத்தேன். அதைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து எரிசேரியும் புளிசேரியும் சாப்பிட்டாள். வீட்டில் எத்தனை அறை, உனக்கு என்ன சம்பளம், ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கட்டும் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். ஆட்டோவில் ஏறும்போதுதான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மைனி, எம் மகளுக்கு நீச்சல் தெரியாது. நீங்கதான் பழக்கணும்." உன் கல்யாணம் நிச்சயமானது அந்த வார்த்தையில்தான். தாம்பூலம் மாற்றினதெல்லாம் அதற்குப் பிறகு.

அவளுடைய பட்டுப் புடவை இங்கே கொடியில் கிடக்கிறது. சேறு போய்விட்டது, கரையில் ஒட்டின செம்மண் போகவில்லை. அப்படியே மடித்துக் கல்யாணத்துக்குக் கொண்டு வருவேன். உன் பெரியத்தைக்கும் பத்திரிகை அனுப்பு. நான் மறக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் காப்பி நானே போட்டுத் தருவேன். மாப்பிள்ளைக்கு எழுதி, இரண்டாவது லாரி வேண்டாம் என்று சொல்லிவிடு.

கல்யாணம் முடிந்து அந்தப் பெண்ணை நீ கூட்டி வருகிற வழி அந்த வரப்புதான். புது மண், இன்னும் இறுகவில்லை; செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவளை முன்னால் விட்டு நட. தூம்புப் பக்கத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். லாரி மண் முழுவதும் டிரைவர் பேரிலும் ஊர் பேரிலும் போயிற்று. உன் கூடை இன்னும் விழவில்லை.

உன் அம்மா